விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் விக்கிமூலத்தில் புதிதாகச் சேருகிறவர்களும் சேரலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. ஏற்கெனவே பழகியவர்கள் நேராக 6-வது கேள்விக்குப் போகலாம்.

1. விக்கிமூலம்னா என்ன? விக்கிப்பீடியாவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. விக்கிப்பீடியாவில் கட்டுரையை நாம் எழுதுகிறோம். விக்கிமூலத்தில் எதையும் எழுதுவதில்லை. ஏற்கெனவே அச்சாகி, பதிப்புரிமைத் தடை நீங்கிய நூல்களை எழுத்துக்கு எழுத்து அப்படியே இணையத்தில் படிக்கும்படி ஆக்குகிறோம். திரையில் ஒரு பக்கம் அச்சுநூலின் படம், மறுபக்கம் அதே பக்கத்தின் உரை. இரண்டையும் ஒப்பிட்டு உரையைப் படத்தோடு பொருந்தச் செய்வதுதான் வேலை. இதைத்தான் மெய்ப்பு பார்ப்பது என்கிறோம்.

இணையத்தில் தமிழ்நூல்களைத் திரட்டும் பணி இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1998-ல் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் பல நாடுகளிலிருந்த தமிழர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். தனியொருவர் ஒரு நூலை மாதக்கணக்கில் சுமக்க வேண்டியிருந்தது. விக்கிமூலத்தில் வேலையின் அளவு ஒரே ஒரு பக்கம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுப் போகலாம். அடுத்த பக்கத்தை முன்பின் அறியாத ஒருவர் தொடருவார்.

2. நூல்களைத்தான் ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா போட்டுட்டாங்களே, அது போதாதா?

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதில் ஒரு எழுத்தைக்கூடப் படித்துக் காட்டாது. ஒரு சொல் எந்த நூலில் எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று தேடும் அகராதிக்காரர்களுக்கும் அது பயன்படாது.

ஆனால் ஸ்கேன் இல்லாவிட்டால் நமக்கு வேலையே இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னாக்கம் செய்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் விக்கித் திட்டங்களுக்கான பொதுக் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்பட்டுள்ளன. தமிழ் விக்கிமூலத்தில் நடக்கும் பெரும்பாலான மெய்ப்புப் பணி அந்த நூல்கள்மீதுதான்.

3. எனக்கு கம்ப்யூட்டர்ல பெருசா ஒண்ணும் தெரியாது. என்ன வேணும், என்ன தெரிஞ்சிருக்கணும்?

தமிழ் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும், ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டும். இவ்வளவுதான். தமிழ்99, ஒலிபெயர்ப்பு என எந்த விசைப்பலகை முறையும் சரி. கணினியில் தனி மென்பொருள் நிறுவாவிட்டாலும், தொகுக்கும் பெட்டிக்குள்ளேயே விக்கி தரும் உள்ளீட்டு வசதி இருக்கிறது. கண்ட்ரோல் விசையோடு எம் விசையை அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

கைப்பேசியில் முடியுமா என்றால் முடியும், ஆனால் படமும் உரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து கண்ணை அலைக்கழிக்கும். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பி, உலாவியில் கணினித் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு வசதி. நீண்ட வேலைக்கு மடிக்கணினியே நல்லது.

கட்டாயம் பயனர் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். கணக்கில்லாமலும் எழுத்துகளைத் திருத்தலாம். ஆனால் பக்கத்தின் நிலையை மாற்றும் நிறப் பொத்தான்கள் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

4. சரி, ஒரு பக்கத்தை எப்படி ஆரம்பிச்சு எப்படி முடிக்கறது?

'அட்டவணை' என்று தொடங்கும் பக்கத்தில் நூலின் எல்லாப் பக்க எண்களும் நிறம் நிறமாக வரிசையாக இருக்கும். சிவப்பு நிறத்தில் உள்ள ஒரு எண்ணைச் சொடுக்கி, 'தொகு' என்பதை அழுத்துங்கள். உரை ஏற்கெனவே இருந்தால் அதைத் திருத்தத் தொடங்கலாம். பெட்டி வெறுமையாக இருந்தால், படத்திலிருந்து உரை எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். கூகுள், டெசராக்ட் என்று எழுத்துணரிகளை (ஓசிஆர்) தேர்ந்தெடுக்கும் வசதி அதில் உண்டு. தமிழுக்குப் பெரும்பாலும் கூகுளே மேல்.

முதலில் வடிவத்தைச் சரிசெய்யுங்கள். பக்கத்தின் உச்சியில் உள்ள நூல் தலைப்பு, பக்க எண் ஆகியவற்றை வெட்டி 'மேலடி' பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அங்கே போட்டால்தான் நூலைத் தொகுத்துப் படிக்கும்போது அவை வாக்கியத்தின் நடுவே வந்து விழாது. பத்திகளுக்கு இடையே ஒரு வரி வெற்றாக விடுங்கள். பத்திக்குள் இருக்கும் வரி உடைப்பை அப்படியே விட்டாலும் விக்கி அதை ஒரே பத்தியாக்கிக் காட்டும். ஆனால் வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி இருந்துவிட்டால் அந்த வரி மட்டும் தனிப் பெட்டிக்குள் போய் நிற்கும். எழுத்துணரி இப்படி இடைவெளிகளை விட்டுவைப்பது வழக்கம். செய்யுள் வந்தால் அதற்குரிய பாடல் குறிக்குள் அடைக்க வேண்டும், இல்லையென்றால் நான்கடியும் ஒரே வரியாக ஓடிவிடும்.

பிறகு எழுத்துகள். படத்தைப் பார்த்து ஒரு வரி, உரையைப் பார்த்து ஒரு வரி. உரையை மட்டும் படித்துக்கொண்டே போனால் மனம் தானாகப் பிழையைத் திருத்திக்கொண்டு ஓடிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முடித்ததும் முன்தோற்றம் பாருங்கள். திருப்தியாக இருந்தால் மஞ்சள் பொத்தானைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சுமாரான உரைநடைப் பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் எதையோ விட்டுவிட்டீர்கள்.

5. சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு கலர் கலரா இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்? நான் ஏன் பச்சை போட முடியல?

சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்கப்படவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார். பச்சை என்றால் இரண்டாமவர் ஒருவரும் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டார். சாம்பல் வெற்றுப்பக்கம். ஊதா கலந்த நீலம் சிக்கலுள்ள பக்கம்: கிழிந்தது, கட்டம் போட்ட பட்டியலை அமைக்க முடியாதது, ஒரு சொல் எவ்வளவு முயன்றும் புரியாதது. சிக்கலை நீலத்தில் விட்டுப் போவதில் தவறே இல்லை. ஊகித்து நிரப்பி மஞ்சளாக்குவதுதான் தவறு.

நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தில் உங்களுக்குப் பச்சைப் பொத்தான் வராது. மென்பொருளே அதைத் தடுக்கிறது. ஒருமுறை தவறவிட்ட பிழையை அதே கண் மறுமுறையும் தவறவிடும் என்பது அச்சகங்களில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம்.

6. ஓசிஆர் எடுத்த உரையில எந்தத் தப்பு அதிகமா வரும்? எதைக் குறிப்பா பாக்கணும்?

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ஒரே குடும்பத்துப் பிழைகள் வரிசையாக வரும். அப்போது ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்ட வடிவில் இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த சுழி இருந்தது. எழுத்துணரி இவற்றைத் தெரிந்த வடிவமாக மாற்றிப் படிக்கிறது. 'இல்லை' என்பது 'இல்லே' ஆகும், 'வேலை' என்பது 'வேலே' ஆகும். 'என்றார்' என்பது 'என்ருர்' என்றும், 'ஆனால்' என்பது 'ஆனல்' அல்லது 'ஆனுல்' என்றும், 'அண்ணா' என்பது 'அண்ணு' என்றும் வரும்.

எந்தக் காலத்து அச்சானாலும் காலும் ரகரமும் குழம்பும். 'காடு' 'கரடு' ஆகிவிடும், இரண்டும் தமிழ்ச் சொல்தான், அதனால் படிக்கும்போது உறுத்தாமல் போகலாம். ஔகாரம் இன்னொரு பொறி. 'ஔவையார்' என்பதில் முதலில் இருப்பது ஒரே எழுத்து. எழுத்துணரியும் சில தட்டச்சர்களும் அதை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து 'ஒளவையார்' என்று போடுவார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. 'கௌரவம்', 'சௌக்கியம்' போன்ற சொற்களையும் இதற்காகவே ஒருமுறை அழித்துத் திரும்ப அடிப்பது நல்லது. தமிழ் எண்கள் உள்ள நூலானால் ௧ ககரமாகவும் ௭ எகரமாகவும் ௮ அகரமாகவும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. அப்போ 'இல்லே'ன்னு இருக்கறதையெல்லாம் ஒரே அடியா கண்டுபிடிச்சு மாத்திட்டா வேலை முடிஞ்சுதே?

பாதி முடியும், பாதி கெடும். 'என்ருர்' போன்ற சொல் தமிழிலேயே கிடையாது. அதை மொத்தமாக மாற்றலாம். 'இல்லே' அப்படியில்லை. கதை மாந்தர் பேச்சுவழக்கில் பேசும் நாவலில் ஆசிரியரே 'இல்லே' என்று எழுதியிருப்பார். அதை 'இல்லை' ஆக்கினால் அந்தப் பாத்திரத்தின் பேச்சே போய்விடும்.

இதைவிடக் கடினமானது 'அவனே', 'அவனை' இரட்டை. பழைய அச்சின் 'அவனை' எழுத்துணரியில் 'அவனே' என்று வரும். 'அவனே அழைத்தான்' என்று உரையில் இருந்தால், அழைத்தது அவனா, அழைக்கப்பட்டது அவனா? இரண்டுமே பிழையற்ற வாக்கியம். படத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பொருளற்ற சொற்களை மட்டும் தானியங்கி மாற்றத்துக்கு விடுங்கள், மற்றவற்றுக்குக் கண் வேண்டும். பல பக்கங்களில் மொத்தமாக மாற்ற நினைத்தால், மாற்றப்போகும் பட்டியலை முதலில் அட்டவணையின் பேச்சுப்பக்கத்தில் (கலந்துபேசுவதற்கான பக்கம்) இட்டு மற்றவர்களிடம் கேளுங்கள்.

8. புத்தகத்துலயே தப்பா அச்சாகியிருக்கு. திருத்தலாமா?

திருத்தக் கூடாது. அச்சில் உள்ளபடியே வைத்து, அச்சுப்பிழை என்று காட்டும் வார்ப்புருவை (விக்கியில் தயாராக உள்ள சிறு நிரல்துண்டு) இடுங்கள். படிப்பவருக்கு மூலத்தில் இருப்பதும் சரியான வடிவமும் இரண்டும் தெரியும்.

பழைய எழுத்து வடிவம் வேறு, பழைய எழுத்துக்கூட்டல் வேறு என்பதைப் பிரித்துப் பாருங்கள். தும்பிக்கை போட்ட லையும் இன்றைய லையும் ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள். ஒருங்குறியில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான், எனவே இன்றைய லையை அடிக்கிறோம். ஆனால் 'அய்யா' என்று அச்சாகியிருந்தால் அதை 'ஐயா' ஆக்கக் கூடாது. ஆசிரியர் அறிந்தே அப்படி எழுதியிருக்கலாம். சந்தி மிகாத இடம், 'உபயோகம்' போன்ற சொல், கால்புள்ளி வைக்கும் முறை, எதையும் நம் விருப்பத்துக்கு மாற்றுவதில்லை. தமிழ்ப்பற்றால் வடசொல்லைத் தமிழ்ச்சொல்லாக மாற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பற்று மதிக்கத்தக்கது, ஆனால் அந்த மாற்றம் நூலைப் பொய்யாக்குகிறது. அதைக் கண்டால் மீட்டுவிடுங்கள்.

9. நான் கஷ்டப்பட்டு செஞ்ச பக்கத்தை யாரோ மாத்தியிருக்காங்க. இது என்ன நியாயம்?

பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, உங்கள் பதிப்பையும் அடுத்தவர் பதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறிய எழுத்து மட்டும் நிறமிட்டுத் தெரியும். பெரும்பாலும் நீங்கள் விட்ட ஒரு ஒற்றோ ஒரு காலோ அங்கே இருக்கும். மெய்ப்பு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் சில பக்கங்கள் பச்சையானதும் இந்த ஒப்பீட்டைத் தவறாமல் பாருங்கள். உங்கள் கண் எந்த எழுத்தில் ஏமாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாற்றியவர் தவறு செய்திருந்தால் படத்தைச் சுட்டி அவருடைய பேச்சுப்பக்கத்தில் எழுதுங்கள். 8-வது பதிலில் சொன்ன விதிதான் நடுவர்: படத்தில் என்ன இருக்கிறதோ அதுவே சரி. அதனால் இங்கே வாக்குவாதம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

10. ஒரு பக்கத்துக் கடைசிச் சொல் பாதியில நின்னு அடுத்த பக்கத்துல தொடருது. எப்படிச் சேர்க்கறது?

சிறுகோட்டோடு நின்றிருந்தால் அப்படியே விடுங்கள். நூலைத் தொகுத்துக் காட்டும்போது மென்பொருள் கோட்டை நீக்கிச் சொல்லை ஒட்டிக்கொள்ளும். கோடில்லாமல் சொல் உடைந்திருந்தால் பக்க இறுதியில் நீங்களே ஒரு சிறுகோடு இடுங்கள், இல்லையெனில் நடுவே இடைவெளி விழும்.

இதன் மறுபுறம்தான் பலரும் தவறவிடுவது. ஒரு பக்கம் முடியுமிடத்தில் பத்தியும் முடிந்தால், மென்பொருளுக்கு அது தெரியாது. அடுத்த பக்கத்தின் முதல் பத்தியை இதனோடு ஒட்டிவிடும். அதைத் தடுக்கவே ஒன்றும் காட்டாத வெற்று வார்ப்புரு ஒன்று உண்டு. அதைப் பக்கத்தின் கடைசியில் தனி வரியில் இட வேண்டும். தனிப்பக்கத்தின் முன்தோற்றத்தில் இந்தப் பிழை தெரியாது, தொகுத்த அத்தியாயத்தைத் திறந்தால்தான் தெரியும்.

11. அடிக்குறிப்பு இருக்கற பக்கம்னாலே தலைசுத்துது.

அச்சில் குறிப்பு பக்கத்தின் அடியில் இருக்கும். இங்கே குறிப்பின் உரையை, உடுக்குறியோ எண்ணோ வரும் அதே இடத்தில் அடிக்குறிப்புக்கான <ref> நிரல்குறிக்குள் அடைக்க வேண்டும். குறிப்புகளின் பட்டியலைக் காட்டும் கட்டளையைக் 'கீழடி' பெட்டியில் இடுங்கள். அச்சில் இருந்த எண்ணை நீங்கள் அடிக்கத் தேவையில்லை, அது தானாக வரும்.

ஒரே குறிப்பு அடுத்த பக்கத்துக்கும் நீண்டால், முதல் பாதிக்கு ஒரு பெயர் கொடுத்து, அடுத்த பக்கத்தில் 'இந்தப் பெயரின் தொடர்ச்சி' என்று குறிக்கும் முறை உண்டு. இது புரியும்வரை பக்கத்தை நீலத்தில் விட்டுவைக்கலாம்.

12. என் வீட்டுல ஒரு பழைய புத்தகம் இருக்கு. ஏத்தலாமா?

புத்தகத்தின் வயதை விடுங்கள், ஆசிரியர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். கல்கி 1954 டிசம்பரில் இறந்தார், ஆகவே 2015 சனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுவில் வந்தது. (அதற்கு முன்பே 1999-ல் நாட்டுடைமையும் ஆனது.) ஆசிரியர் இறந்த பிறகே முதன்முதலாக வெளியான நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 எண்ண வேண்டும். இலங்கையில் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள்.

ஒரே நூலுக்குள் பலருடைய உரிமை இருக்கலாம். மூலம் சங்கப்பாட்டாக இருக்கும், விளக்கவுரை சமீபத்தில் காலமானவருடையதாக இருக்கும். முன்னுரை, மொழிபெயர்ப்பு, ஓவியம், அட்டைப்படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

13. இந்தியாவுல உரிமை முடிஞ்சுபோன புத்தகத்தைப் பொதுவகத்துல நீக்கச் சொல்றாங்களே?

பொதுவகத்தில் வைக்கும் கோப்பு அது வெளியான நாட்டிலும் அமெரிக்காவிலும் தடையற்றதாக இருக்க வேண்டும். 1996 சனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த நூல்களுக்கு அமெரிக்கச் சட்டம் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு காப்பு தருகிறது. உ.வே.சாமிநாதையர் 1942-ல் மறைந்தார். இந்தியாவில் அவர் எழுத்து 2003-லேயே பொதுவுடைமை. ஆனால் 1996-ல் உரிமை முடிந்திருக்கவில்லை என்பதால் அவருடைய 1937-ம் ஆண்டு நூல் அமெரிக்காவில் 2032 கடைசிவரை காப்பில் இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே பொதுவகத்தின் உதவிப்பக்கத்தில் கேட்டுவிடுங்கள். பாதி மெய்ப்பு முடிந்த நூல் நீக்கப்படுவது மிகுந்த வேதனை.

14. இப்போதான் ஏஐ வந்துடுச்சே, அதுவே எல்லாத்தையும் சரிபண்ணிடாதா?

எழுத்துணரியின் பிழை அசிங்கமாக இருக்கும், அதனாலேயே கண்ணில் படும். 'நின்ருன்' என்று பார்த்ததும் கை திருத்தப் போகும். மொழி மாதிரியிடம் 'இந்தப் பக்கத்தைச் சரிசெய்' என்று கொடுத்தால் சரளமான தமிழ் வரும். பழைய எழுத்துக்கூட்டல் புதியதாகியிருக்கும், ஒரு சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள வேறு சொல் உட்கார்ந்திருக்கும், சில சமயம் ஒரு வரியே காணாமல் போயிருக்கும். எங்கேயும் உறுத்தாது. இரண்டாமவர் பச்சை போடும்போதும் தடங்கலின்றிப் படித்துப் போய்விடுவார். அந்தப் பிழை நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஐயத்துக்குரிய சொற்களைச் சுட்டிக்காட்டச் சொல்லலாம், 7-வது பதிலில் சொன்ன பொருளற்ற சொற்களின் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லலாம். அது எழுதித் தந்த உரையை ஒட்டி மஞ்சளாக்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

15. எங்க காலேஜ் பசங்களுக்கு இதை அசைன்மென்ட்டா கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் கணக்குகளை வீட்டிலிருந்தே தொடங்கிவரச் சொல்லுங்கள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் தொடங்க விக்கி அனுமதிக்காது. ஆய்வகத்தில் முப்பது பேர் உட்கார்ந்த பிறகு இது தெரிந்தால் அந்த வகுப்பு வீண்.

பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் படிக்காமலே மஞ்சளாக்கிய பக்கங்கள் குவியும், அவற்றைச் சிவப்புக்கு மீட்கும் வேலை மற்றவர்கள் தலையில் விழும். ஒரு மாணவருக்கு ஐந்து பக்கம் போதும். ஐந்திலும் அவர் செய்ததையும் சரிபார்த்தவர் மாற்றியதையும் வரலாற்றில் ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். இருவர் மாறி மாறி ஒருவருக்கொருவர் பச்சை போட்டுக்கொள்ளும்படி சோடி சேர்க்காமல், வேறு வகுப்பினரிடம் சரிபார்ப்பைக் கொடுங்கள்.

16. முடிச்ச நூலை அச்சடிச்சு விக்கலாமா? இந்த வேலைக்குக் காசு உண்டா?

காசு கிடையாது. நூலை மின்னூலாகவோ பிடிஎஃப்பாகவோ பதிவிறக்கலாம். பொதுவுடைமை நூலை அச்சிட்டு விற்கவும் யாருக்கும் உரிமை உண்டு. அச்சிடும் முன் எல்லாப் பக்கமும் பச்சையா என்று மட்டும் பாருங்கள்.

17. நூறு பக்கம் முடிச்ச பிறகுதான் தெரியுது, ஸ்கேன்ல நடுவுல ரெண்டு பக்கம் இல்ல. இப்போ என்ன செய்யறது?

விக்கிமூலத்தில் பக்கத்தின் பெயர் கோப்பின் வரிசை எண்ணைக்கொண்டு அமைகிறது, அச்சு எண்ணைக்கொண்டு இல்லை. அட்டை, முன்னுரை எல்லாம் போக அச்சின் 1-ம் பக்கம் கோப்பின் 13-ம் பக்கமாக இருக்கும். இந்த வேறுபாட்டை அட்டவணையின் பக்கப்பட்டியலில் குறித்து வைக்கிறோம். நடுவே இரண்டு பக்கத்தைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் உரையும் இரண்டு எண் தள்ளிப்போன படத்துக்கு எதிரே நிற்கும்.

ஆகவே விடுபட்ட பக்கம் வேறு படியிலிருந்து கிடைத்ததும் நீங்களாகக் கோப்பை மாற்றி ஏற்றிவிடாதீர்கள். அட்டவணையின் பேச்சுப்பக்கத்தில் எந்த அச்சு எண்கள் இல்லை என்று எழுதி, அந்த நூலில் வேலையை நிறுத்தச் சொல்லி, நிருவாகிகளிடம் தெரிவியுங்கள். புதிய கோப்பு ஏறியவுடன் அவர்கள் தானியங்கி கொண்டு பக்கங்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கி நகர்த்துவார்கள். முன்னாலிருந்து தொடங்கினால் நகரும் பக்கம் ஏற்கெனவே இருக்கும் பக்கத்தில் போய் முட்டும். புதிய நூலைத் தொடங்கும்போது முதல் வேலையாக அச்சு எண்களை ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்து, பக்கப்பட்டியலைப் போட்டுவிட்டு, பிறகு எழுத்துணரியைத் தொடுங்கள். இருநூறு பக்க நூலுக்கு அரைமணி நேரம் போதும்.